பாப்பாவின் காதில் சொன்ன இங்கிலீஷ் வாக்கியம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு நின்றுபோன ஒருத்தி இங்கிலீஷ் இலக்கணத்தைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். போன வாரம் எழுதியதில், நான் கொஞ்ச காலம் இங்கிலீஷ் கிளாசுக்குப் போனதாக ஒரு வரி வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள் என்று பத்திரிகையிலிருந்து சொன்னார்கள்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அந்த ஒரே தைரியத்தில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மழைக்கு மார்க்கெட்டில் என்ன வேலை

பீளமேட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மத்தியான நேரம், பெண்களுக்கான வகுப்பு. கீழே பத்துப் பன்னிரண்டு மெஷின்களில் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். அந்த அதிர்வு பெஞ்சின் கால் வழியாக ஏறி நம் முதுகுக்கு வரும். சாக்பீஸ் தூளும், கீழேயிருந்து வரும் ரிப்பன் மையின் வாசமும் கலந்திருக்கும்.

விமலா டீச்சர் எங்களைவிடச் சின்னவர். எம்.ஏ. முடித்துவிட்டுக் காலேஜ் வேலைக்குக் காத்திருந்த பெண். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் போர்டில் ஒரு வாக்கியம் எழுதினார். ‘வாக்கிங் டு தி மார்க்கெட், தி ரெயின் ஸ்டார்ட்டட்.’

“இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

எங்களுக்கு அது நல்ல இங்கிலீஷாகத்தான் தெரிந்தது.

“மார்க்கெட்டுக்கு நடந்தது யாரு?” என்றார் டீச்சர்.

“நாமதானுங்க டீச்சர்” என்றேன் நான், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“நாமங்கிறது இதுல எங்கங்க்கா இருக்கு? கமாவுக்கு அந்தப் பக்கம் யாரு வர்றாங்களோ, அவங்கதான் நடந்தவங்க. வர்றது மழை.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜமீலா அக்கா. கோட்டைமேட்டுக்காரர். அவர் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. அவர் ரொம்ப யோசனையாக, “அப்போ மழைதான் மார்க்கெட்டுக்கு நடந்து போச்சா? மழைக்கு மார்க்கெட்ல என்ன டீச்சர் வேலை?” என்று கேட்டார்.

“கத்திரிக்கா வாங்கப் போயிருக்கும்” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

டீச்சரே சிரித்துவிட்டார். பிறகு அதை அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். ‘தி ரெயின் ஹேவிங் ஸ்டார்ட்டட், வீ ஸ்டேட் அட் ஹோம்.’ மழை பிடித்துக்கொள்ள, நாங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். இதற்குப் பெயர் அப்சல்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்றார்.

“முன்பாதியில மழை. பின்பாதியில நாம. ரெண்டுக்கும் வேற வேற ஆளு. முன்பாதிக்குன்னு சொந்தமா ஒரு ஆள் இருக்கறதால, அது மீதி வாக்கியத்தோட எந்த வார்த்தையிலயும் தொங்கறதில்ல. தனியா நிக்கும். நடுவுல கமா போட்டு ஒதுக்கி வெச்சிருக்கும். அதை எடுத்துட்டாலும் மீதி வாக்கியம் விழாது.”

“எடுத்துட்டா விழாதுன்னா, அப்பறம் எதுக்கு டீச்சர் அது அங்க நிக்குது?” ஜமீலா அக்கா விடவில்லை.

“மீதிப் பேருக்கு எப்ப, ஏன், எந்த நெலமைலன்னு சொல்றதுக்கு.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் ‘எடுத்துட்டாலும் விழாது’ என்பது எனக்கு என்னவோ செய்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரைக்கும் அதே நினைப்பாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்து, ஈரத் துணியை எடுத்து உலர்த்தி, அரிசியைக் களைந்து உலையில் போட்டு, எல்லாருக்கும் டம்ளர் கழுவி வைத்தேன். நான் வந்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் ஏன் போனேன்

நான் பிறந்தது தொண்டாமுத்தூர்ப் பக்கம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பீரியட் என்றால் பெரும்பாலும் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்திருப்பார். மலையடிவாரம் என்பதால் யானை தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது என்று தகவல் வந்தால் அதுவும் கிடையாது. சத்தம் போடாமல் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அது சந்தோஷம். எப்படியோ பத்தாவது தேறினேன். இங்கிலீஷில் தேறியது எப்படி என்று இன்றைக்கும் தெரியாது.

கட்டிக்கொடுத்தது கணபதி என்கிற ஊரில். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற சின்ன ஒர்க்‌ஷாப். முன்னால் லேத், பின்னால் வீடு. ஒர்க்‌ஷாப்பும் வீடும் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெயரில். அவர் அடுத்த தெருவில் பெரிய வீட்டில் இருந்தார். இவர் அண்ணனிடம் வேலை பார்க்கிற தம்பி. கேட்டால் பங்குதாரர் என்பார்.

எங்களுக்கு ஒரே மகள், கவிதா. வீட்டில் பாப்பா. பாப்பாவுக்கு ஐந்து வயது முடிகிற சமயம், ஒரு நல்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அங்கே குழந்தையை மட்டும் பார்க்க மாட்டார்கள், அப்பா அம்மாவையும் உட்காரவைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

நான் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சிரித்தார்.

“நான் எட்டாவது, புள்ள. ஏ பி சி டியே பாதிக்கு மேல தடுமாறும். நீதான் பத்தாவது. நீயே பேசிப்போடு.”

“நான் எப்படீங்க பேசறது?”

“படிச்சுக்க. போய்ச் சேந்து படிச்சுக்க. நான் கம்முனு பக்கத்துல உக்காந்துக்கறன்.”

அவர் நல்லவர்தான். அதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் அவரைக் கொடியவர் என்று நினைக்கக்கூடாது. கொடியவராக இருந்திருந்தால் எனக்கு மனசு இவ்வளவு கசந்திருக்காது.

ஆட்டுக்கல்லிடம் பேசுவது

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருடைய அண்ணனை மூத்தார் என்போம். மூத்தார் உட்கார்ந்திருந்தால் தம்பி பெண்டாட்டி உட்காரக்கூடாது. அவரிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது. அவர் இருக்கிற இடத்தில் குரல் எழக்கூடாது. எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இப்படி.

அவரும் என்னிடம் நேராகப் பேச மாட்டார். வாசல் நிலையில் நின்றுகொண்டு, வெளியே பார்த்தபடி, “தம்பி இருக்கறானா?” என்று பொதுவாகக் கேட்பார். நான் ஆட்டுக்கல்லைப் பார்த்து, “டவுனுக்குப் போயிருக்கறாங்க” என்பேன். ஆட்டுக்கல் பக்கத்தில் இல்லாவிட்டால் கதவிடம் சொல்வேன். ஒருமுறை எதுவும் அகப்படாமல், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சேலையிடமே சொன்னேன். அவரும் சேலையிடமிருந்து பதிலை வாங்கிக்கொண்டு போனார்.

பாப்பாவுக்குப் பேச்சு வந்ததும் ஆட்டுக்கல்லுக்கு ஓய்வு கிடைத்தது.

“பாப்பா, உங்கம்மாகிட்ட மோர் இருக்குதான்னு கேளு” என்பார் மூத்தார். நான் கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

“அம்மா, பெரியப்பா மோர் கேக்கறாங்க.”

“இருக்குதுன்னு சொல்லு கண்ணு.”

“பெரியப்பா, இருக்குதாமா.”

பாப்பாவுக்கு இது விளையாட்டு. எனக்கும் பழகிப்போனது. குனிந்து பாப்பாவின் காதில் சொன்னால் போதும், வேலை நடக்கும். பழக்கம் எவ்வளவு ஆழமாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இங்கிலீஷ் கிளாஸ் விஷயம் அவர் காதுக்கும் போனது. ஒருநாள் வந்து லேத் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கும்படி பாப்பாவிடம் சொன்னார். “ஏங்கண்ணு, உங்கம்மா இங்கிலீஷ் படிக்குதாமா? இனி நம்ம ஊட்டுல சோத்துக்கு ரைசுன்னுதான் கேக்கோணுமாட்ட இருக்குது.”

லேத்தில் இருந்த ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

என் வாக்கியம்

அப்சல்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எனக்கு உடனே பிடிபட்டுவிடவில்லை. இரண்டு மூன்று வகுப்பு வரைக்கும் திணறினேன். ‘ஹேவிங்’ எங்கே வரும், ‘பீயிங்’ எங்கே வரும், எது ஒட்டும், எது ஒட்டாது என்று குழம்பிப்போயிருந்தேன்.

விளங்கியது அடுப்படியில்தான். தோசைக்கு மாவை ஊற்றிவிட்டு மனசுக்குள் தமிழில் சொல்லிப்பார்த்தேன். ‘நான் குளித்துச் சாப்பிட்டேன்.’ குளித்ததும் நான், சாப்பிட்டதும் நான். சரி. ‘அவர் குளித்து நான் சாப்பிட்டேன்’ என்றால் காதுக்கே ஒப்பவில்லை. ‘அவர் குளிக்க, நான் தண்ணீர் விளாவினேன்’ என்றால் சரியாக இருக்கிறது. ‘மாமியார் கூப்பிட, நான் போனேன்.’ ‘விருந்தாள் சாப்பிட, நான் பரிமாறினேன்.’ ஒருவர் ஒன்று செய்ய, இன்னொருவர் இன்னொன்று செய்வது. இதைத்தான் டீச்சர் முன்பாதிக்குத் தனி ஆள் என்கிறார்.

நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இங்கிலீஷில் பெயர் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அன்றைக்குத் தோசை கருகிவிட்டது. அது என் தட்டில்தான் விழுந்தது.

அடுத்த வகுப்பில் இதைச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் இருந்துவிட்டேன். ஜமீலா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் நேராக எழுந்து, “டீச்சர், சரோஜா கண்டுபிடிச்சிருச்சு” என்று போட்டு உடைத்துவிட்டார். டீச்சர் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். அந்தத் தமிழ் வாக்கியங்களை அப்படியே எழுதினேன். டீச்சர் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார். “எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரலைங்க்கா” என்றார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் டீச்சரே எங்களிடம் கேட்டுப் பழக்கினார். வீட்டில் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும் என்றார். அதற்கு நானாக ஒரு பதில் கட்டினேன்.

‘மை ஹஸ்பெண்ட் பீயிங் இன் தி ஒர்க்‌ஷாப் ஆல் டே, ஐ டீச் ஹர் மைசெல்ஃப்.’ என் வீட்டுக்காரர் நாள் பூராவும் ஒர்க்‌ஷாப்பில் இருக்க, நானே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

டீச்சர் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. எனக்கு அந்த வாக்கியத்தின்மேல் ஒரு ரகசியமான ஆசை வந்துவிட்டது. ஏனென்றால் அதில் ஒதுங்கி நிற்கிற பாதியில் அவர் இருந்தார். கமாவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். அவரை எடுத்துவிட்டாலும் நான் விழமாட்டேன். துணி துவைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதை முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன்.

மூன்றாவது நாற்காலி

ஜூன் மாதம் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. காலையில் பாப்பாவுக்குப் புது கவுன் போட்டு, இரட்டைச் சடை பின்னி, வாசலில் நின்றோம். பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம், மூத்தாருடைய அம்பாசிடர் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பையில் பேனா.

“ஏன்டா தம்பி, பெரியவங்க ஒருத்தர் இல்லாம நீங்களா போனா எவன்டா மதிப்பான்?” என்றார். “பொண்ணு பாக்கப் போனாலும் சரி, பத்தரம் பண்ணப் போனாலும் சரி, முன்னால ஒரு ஆள் நடந்தாத்தான் மரியாதை. ஏறுங்க, நான் வாரேன்.”

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் அப்படித்தான் போவார்கள். அது மரியாதைதான். அன்பும்கூட. ஆனால் நான் உடனே ஏறவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். என் பார்வை அவருக்கு விளங்கியது. விளங்கியும், “வாங்கண்ணா” என்று சொல்லி முன் ஸீட்டில் ஏறிக்கொண்டார்.

பிரின்சிபால் அறையில் பெரிய மேசை. அதற்கு முன்னால் மூன்று நாற்காலி. மேசைமேல் கண்ணாடித் தகடு, அதற்கடியில் பூப்போட்ட துணி. பிரின்சிபால் கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டிய அம்மா.

மூத்தார் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அவருக்கு வலப்பக்கம். இடப்பக்கம் ஒன்று காலியாக இருந்தது.

“மதர், ப்ளீஸ் சிட் டவுன்” என்றார் அந்த அம்மா.

நான் பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இன்னொருமுறை சொன்னார். கையால் நாற்காலியைக் காட்டினார். பிறகு தமிழில், “உக்காருங்கம்மா” என்றார். நான் நின்றேன். அவருடைய முகத்தில் ஒரு முடிவு வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். உட்கார் என்பதற்குக்கூட இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை.

பாப்பா நன்றாகச் சொன்னாள். பெயர் சொன்னாள், நிறம் சொன்னாள், ஒரு பாட்டு அபிநயத்தோடு பாடினாள்.

“யூ ஆர் தி ஃபாதர்?” என்று பிரின்சிபால் மூத்தாரைக் கேட்டார்.

“ஃபாதர் மை பிரதர்” என்று மூத்தார் கம்பீரமாகச் சொல்லி, விசிட்டிங் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். பிரின்சிபால் அதைத் தொடவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “ஹூ டீச்சஸ் தி சைல்ட் அட் ஹோம்?”

அதே கேள்வி. நாலு மாதமாக நான் காத்திருந்த கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது.

நான் குனிந்தேன். பாப்பாவின் காதருகில் வாயைக் கொண்டுபோய், மெதுவாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். ‘மை ஹஸ்பெண்ட் பீயிங் இன் தி ஒர்க்‌ஷாப் ஆல் டே, ஐ டீச் ஹர் மைசெல்ஃப்.’

யோசித்துச் செய்யவில்லை. மூத்தார் உட்கார்ந்திருக்க, என் பேச்சு போகிற வழி அது ஒன்றுதான்.

பாப்பாவும் வழக்கம்போல அவள் வேலையைச் செய்தாள். மேடம் பக்கம் திரும்பவில்லை. மூத்தார் பக்கம் திரும்பி, “பெரியப்பா, அம்மா இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுது. எனக்குத் தெரியல” என்றாள்.

“ப்ளீஸ் டோண்ட் ப்ராம்ப்ட் தி சைல்ட்” என்றார் பிரின்சிபால். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்கிறார். நான் காப்பியடிக்க உதவுகிறவள் ஆகிவிட்டேன். பிறகு மூத்தாரிடம் கேட்டார். “டஸ் தி மதர் நோ இங்கிலீஷ்?”

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்ற அந்தக் கேள்வி மூத்தாருக்கு விளங்கிவிட்டது. இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார்.

“நோ மேடம். நோ. வில்லேஜ்.”

நான் என் வீட்டுக்காரருடைய பின்கழுத்தைப் பார்த்தேன். அது திரும்பவில்லை. தலைக்குமேல் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நீ ஏன் அப்போதாவது வாயைத் திறக்கவில்லை என்று படிப்பவர்கள் கேட்கலாம். நாங்கள் குடியிருந்த வீடு யாருடையது என்று முன்னாலேயே எழுதிவிட்டேன்.

வெளியே மரநிழலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் கிளார்க் வந்தார். “இடம் இல்லீங்க. கொழந்தை நல்லாத்தான் சொல்லுதாம். ஊட்டுல சொல்லிக்குடுக்க ஆள் இல்லைன்னு மேடம் சொல்றாங்க” என்றார்.

கார் திரும்பி வருகையில்

கணபதி வந்ததும் மூத்தார், “பாப்பா, உங்கம்மாகிட்டச் சொல்லு” என்றார். “அத்தன நாளு பஸ் ஏறிப் போயி, ஒரு குட்மார்னிங் சொல்றதுக்கு வாய் வரலையேன்னு சொல்லு.”

பாப்பா என்னைப் பார்த்தாள். நானே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

“அம்மா, பெரியப்பா...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் டீச்சருடைய கிராமர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பீளமேடு போனேன். வகுப்பு தொடங்கவில்லை. டீச்சரும் ஜமீலா அக்காவும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வரவில்லை.

டீச்சர் கேட்டது ஒன்றுதான். “வாக்கியம் சரியாச் சொன்னீங்களாக்கா?”

“சரியாத்தானுங்க சொன்னேன்.”

“என்ன டீச்சர் நீங்க, வாக்கியத்தை விடுங்க” என்றார் ஜமீலா அக்கா. “ஏன் சரோஜா, மூணாவது நாக்காலி யாருக்குப் போட்டு வெச்சிருந்தாங்க? ஒனக்குத்தானே? நானா இருந்தா அதுல கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பேன்.”

“உங்க மாமியா முன்னால ஒருநாளும் உக்காந்ததில்லைன்னு நீங்கதானுங்க்கா சொன்னீங்க.”

அவர் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே மெஷின்கள் தட்ட ஆரம்பித்தன. டீச்சர் அடுத்த வாரமும் வரச்சொன்னார். நான் தலையாட்டினேன். எதற்குப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். வாழை இலைப் பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தார். சோறு போட்டேன். எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவள், அன்று நின்றுகொண்டே கேட்டேன்.

“ஏனுங்க, உங்கண்ணன் நோ மேடம்னு சொன்னாங்களே, அது என்னன்னு உங்களுக்கு வெளங்குச்சுங்களா?”

“வெளங்குச்சு.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?”

“தெரியும், புள்ள.”

“அப்பறம்?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசத்தைக் கேட்டார். ஊற்றினேன்.

“அண்ணனாச்சே” என்றார்.

நான் பூவை எடுத்து எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலையில் பாப்பாவைத் தெருமுனையிலிருந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். மூத்தார் வரவில்லை. ஹெட்மாஸ்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தோம். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். அப்பா பெயர் என்ன என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.